பின்னால் நின்று சொல்ல ஓர் ஆள்

என் கணவர் லாரி ஓட்டுகிறார். உளுந்தூர்பேட்டையில் இருக்கும் ஒரு முதலாளியின் வண்டி. மக்காச்சோளமோ அரிசியோ ஜவ்வரிசியோ, எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு கர்நாடகம், மகாராஷ்டிரம் வரை போவார். வண்டி ஓடுகிற நேரத்தைவிட, போன இடத்தில் சரக்கு இறக்க வரிசையில் நிற்கிற நேரம்தான் பல தடவை அதிகமாக இருக்கும். அப்போது நிழலாகப் பார்த்து உட்கார்ந்து எனக்குப் போன் செய்வார்.

"இன்னா பண்ணிக்கினு இருக்க?"

"சும்மாதான் இருக்கேன். நீங்க?"

"நானும் சும்மாதான் குந்திகினு இருக்கேன்."

அதன்பிறகு சாப்பிட்டாயா, பாப்பா பள்ளிக்கூடம் போனாளா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது. அவ்வளவுதான். எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. பேச ஆசை இருந்தது, பேசுவதற்கு விஷயம்தான் இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். பின்னணியில் அவர் பக்கம் ஏதோ ஊர்க்காரர்கள் கன்னடத்தில் கத்துவது கேட்கும். என் பக்கம் எங்கள் ஊரான களமருதூரின் கோழிகள்.

அப்படி ஒருநாள், காத்திருக்கும் நேரத்தில் போனில் ஏதோ லாரி விளையாட்டு ஆடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டிய விளையாட்டு. நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இன்னா நல்லாருக்கு? மேலேர்ந்து பருந்து பாக்குற மாதிரி காட்றான். எங்க வண்டிய எவன் மேல பறந்து பாத்து சொல்றான்? ரிவர்ஸ் எடுக்கணும்னா பின்னாடி ஒரு ஆளு நிக்கணும். அவன் சொல்றத கேட்டு வரணும். அதுதான் நெசம்."

"அப்படி ஒரு கேம் இருந்தா ஆடுவீங்களா?"

"பின்னாடி யாரு நிக்கிறது?"

"நான் நிக்கிறேன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு அந்தப் பேச்சு விடவில்லை. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. பின்னால் நிற்கிறவளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவள் கையில் ஸ்டியரிங் இல்லை. ஒருவர் களமருதூரிலும் ஒருவர் கர்நாடகத்திலும் இருந்துகொண்டு இதை ஆட முடியுமென்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். சோறு பொங்கி வழிந்தது.

நான் கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போய் கம்ப்யூட்டர் படித்தவள். படித்தவள் என்று சொன்னால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். மூன்று வருஷத்தில் நான் சொந்தமாகச் செய்தது ஒரு கால்குலேட்டர். பிறகு உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். ஆன்லைன் விண்ணப்பம் போடுவது, போட்டோ வெட்டி ஒட்டுவது. கல்யாணமானதும் அதுவும் நின்றது. விளையாட்டு எப்படிச் செய்வார்கள் என்று எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

முதலில் கம்ப்யூட்டர் வேண்டும். பழைய முதலாளியிடம் போய், கடையில் ஓரமாகக் கிடக்கும் அந்தப் பழைய லேப்டாப்பை விலைக்குத் தருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் மேலே ஏறி, பரண் மாதிரி இருந்த பலகையிலிருந்து அதை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்துக் கொடுத்தார்.

"வெலயா? எடுத்துகினு போம்மா. இங்க தூசி தின்னுகினு கெடக்குது. ஓடிச்சின்னா உனுக்கு, ஓடலன்னா எனுக்கு."

ஓடியது. பேட்டரி செத்துப்போயிருந்ததால் கரண்ட் போனால் அதுவும் போய்விடும். சில எழுத்துகள் அடித்தால் விழாது. அதற்கு வெளியிலிருந்து ஒரு கீபோர்டை மாட்டிக்கொண்டேன். அதன் விசிறி போடும் சத்தத்தில், என்ன ரைஸ் மில்லா நடத்துகிறாய் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஆனால் அந்த மனிதர் அன்றைக்கு ஒரு விலையைச் சொல்லியிருந்தால் நான் வீட்டுக்குத் திரும்பி வந்து சோறு வடித்துக்கொண்டு இருந்திருப்பேன். இந்தக் கதையே இல்லை.

விளையாட்டு செய்வதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது. அதை இறக்க என் போனில் ஒரு நாளைக்குத் தரும் நெட் போதவில்லை. பாதியில் நின்றுபோகும், மறுநாள் முதலிலிருந்து தொடங்கும். மூன்றாவது முறை நின்றபோது நான் வாய்விட்டுத் திட்டிவிட்டேன். கம்பு புடைத்துக்கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"நெட்டு தீந்துபோச்சு அத்தை."

"எம் போன்ல இருக்குதா பாரு. நான் பேசறதோட சரி. அதுல இருக்குறத எடுத்துக்கயேன்."

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் அத்தையின் போன் என் மேசைக்கு வந்துவிடும். அவர் வயலுக்குப் போகும்போது, யாராவது அழைத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போவார். பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை எனக்கு நேரம். வீடியோக்களைப் பார்த்து ஒவ்வொரு படியாகச் செய்தேன். நல்ல வீடியோக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தன. இந்தி எனக்குத் தெரியாது. அவர்கள் சுட்டியை எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதை மட்டும் பார்த்து நானும் அங்கே கொண்டுபோவேன்.

முதல் லாரி ஒரு பழுப்பு நிறப் பெட்டி. சக்கரம் வைத்தேன். ஓட்டினால் லாரி முன்னால் போகிறது, சக்கரம் பின்னால் சுற்றுகிறது. அதைச் சரி செய்தால் லாரி தரைக்குள் மெல்ல மெல்லப் புதைந்தது. அத்தை வந்து பார்த்துவிட்டு, "சேத்துல மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். சுவர், மரம், கல், பம்புசெட்டு எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரிலேயே படம் எடுத்தேன். கணவர் ஓட்டும் லாரியின் முகப்பையும் பின்கதவையும் அவரையே போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அவர் எடுத்த எல்லாப் படத்திலும் அவருடைய கட்டைவிரல் ஒரு மூலையில் இருந்தது. வெட்டிவிட்டுப் பயன்படுத்தினேன்.

விளையாடுகிற இருவரும் நேராகப் பேசிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். முயன்று பார்த்ததில் குரல் துண்டு துண்டாக வந்தது, நெட்டும் ஏராளமாகச் செலவானது. ஆகவே பொத்தான் வைத்தேன். வா, லெப்ட்ல ஒடி, ரைட்ல ஒடி, நேரா வுடு, நிப்பாட்டு. ஒடி என்றால் ஸ்டியரிங்கைத் திருப்பு என்று அர்த்தம். பின்னால் நிற்கிறவர் பொத்தானை அழுத்தினால் ஓட்டுகிறவர் போனில் அந்தக் குரல் கேட்கும். குரலுக்கு எங்கே போவது? என் குரலில் பதிவு செய்தேன். ஜெராக்ஸ் கடையில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கணவரைப் பேசி அனுப்பச் சொன்னேன். சுற்றிலும் மற்ற டிரைவர்கள் இருந்ததால் வெட்கப்பட்டுக்கொண்டு, சாமி கும்பிடுகிற மாதிரி முணுமுணுத்து அனுப்பியிருந்தார்.

அந்த வாரம் அவர் வண்டியோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் தெரு குறுகல். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காலி மனையில் லாரியைப் பின்னால் எடுத்துத்தான் விட வேண்டும். எப்போதும் போல அத்தை கையில் துடைப்பத்தோடு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார்.

"வா… வா… வா… லெப்ட்ல ஒடிடா… எங்க பாத்துகினு ஓட்ற? நேரா வுடு… வா… போதும் போதும், நிப்பாட்டுடா!"

ஏழு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிற குரல்தான். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

இந்தக் குரலையே பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டதும் அத்தை சம்மதித்தார். அறைக் கதவைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, போனை அவர் வாய்க்கு முன்னால் பிடித்தேன். அவர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, குரலைக் கனைத்து, "வாங்க… வாங்க… லெப்ட்ல ஒடிங்க… நிப்பாட்டுங்க" என்றார்.

"அத்தை, வழக்கமா சொல்ற மாதிரி சொல்லுங்க."

"யாரு இன்னான்னு தெரியாதவங்கள எப்படிம்மா டா போட்டு கூப்புட்றது? கேக்குறவங்க இன்னா நெனப்பாங்க?"

எத்தனை தடவை சொல்லியும் அந்த 'ங்க' போகவில்லை. கடைசியில் கணவரைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்து, இதுதான் ஸ்டியரிங், நாற்காலியோடு பின்னால் போங்கள் என்றேன். அவர் தட்டைச் சுற்றிக்கொண்டே காலால் தரையை உந்தி உந்திப் பின்னால் போனார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் மகனைப் பார்த்ததும், எல்லாம் தன்னால் வந்தது. "வா… வா… டேய், பீரோ மேல வுட்றாத… எங்க பாத்துகினு ஓட்ற!" பாப்பா சிரித்த சிரிப்பும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அதை மட்டும் வெட்ட இரண்டு மதியம் பிடித்தது. அத்தையின் திட்டுக்கும் தனியாக ஒரு பொத்தான் வைத்தேன்.

அதன்பிறகுதான் நிஜமான கஷ்டம் ஆரம்பித்தது. ஒரு போனில் லாரி நகர்ந்தால் வேறோர் ஊரில் இருக்கிற போனிலும் அதே லாரி அதே மாதிரி நகர வேண்டும். அதற்கு நடுவில் ஒரு சர்வர் வேண்டும். சில பேர் மட்டும் ஆடினால் காசு கேட்காத சர்வர் ஒன்று கிடைத்தது. ஆடிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. கணவர் ஓட்டிக்கொண்டிருப்பார். நான் என் கல்லூரித் தோழியைக் கேட்டேன். அவள் வெள்ளிமலைக்காரி. கல்வராயன் மலையிலேயே பிறந்து, படிப்புக்காகக் கீழே இறங்கி, விடுதியில் என்னோடு ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தவள். இப்போது அவளும் அவள் வீட்டுக்காரரும் அங்கே ரீசார்ஜ், ஜெராக்ஸ் எல்லாம் சேர்ந்த ஒரு கடை வைத்திருக்கிறார்கள்.

கடைக்குள் சிக்னல் கிடைக்காது. கடைக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அதன்மேல் ஏறி நின்று எனக்காக ஆடுவாள்.

"உங்க அத்தை நிப்பாட்டுன்னு சொல்றதுக்குள்ள நான் செவுத்துக்கு அந்தாண்ட போய்ட்டேன்டி!"

"நான் முன்னாடியே அமுக்கிட்டேன்டி."

"இங்க இப்பதான் கேக்குது. உங்க அத்தை பஸ்ஸுல ஏறி வந்து சொல்றாங்க போல."

என் போனில் லாரி சுவருக்கு இன்னும் தூரத்தில் இருக்கும். அவள் போனில் ஏற்கெனவே மோதியிருக்கும். இது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. விளையாட்டு செய்கிறவர்கள் கேள்வி கேட்கும் ஓர் இணையத்தளத்தில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன். எந்த நாடு, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். தொலைவால் வரும் தாமதத்தை உன்னால் இல்லாமல் செய்ய முடியாது, அதை எங்கேயாவது ஒளித்து வை என்பது அதன் சாரம். என் ஆங்கிலத்தைக் கேலி செய்யாமல், கையால் படம் வரைந்து, அதை போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். நான் புரியவில்லை என்று எழுதினேன். வேறொரு படம் வரைந்தார். அதற்கும் முழுசாகப் புரியவில்லை. ஆனாலும் முகம் தெரியாத ஒருவர் எனக்காக இரண்டு தடவை பேனாவை எடுத்தாரே என்பது, விட்டுவிடலாம் என்று இருந்த அந்த வாரத்தில் என்னை உட்காரவைத்தது.

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று தோன்றியது. அத்தையிடம் பாப்பாவை விட்டுவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, கள்ளக்குறிச்சி போய் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

பாதி மலையில் ஒரு வளைவில் பஸ் நின்றது. எதிரே சாமை மூட்டை ஏற்றிய ஜீப். இரண்டும் ஒன்றையொன்று தாண்ட இடமில்லை. பஸ்தான் பின்னால் போக வேண்டும். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இறங்கினார். பஸ்ஸுக்குள் இருந்த எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வா, போதும், அந்தாண்ட, இந்தாண்ட. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் மடியில் கோழியை வைத்துக்கொண்டே, "பள்ளத்த பாத்துப்பா" என்றார். டிரைவர் ஒருவர் பேச்சையும் காதில் வாங்கவில்லை. கண்டக்டரின் விசில் மட்டும்தான் அவருக்குக் கேட்டது. விசில் வந்தது, அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார், பஸ் உறுமியது, ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே நின்றது, பிறகுதான் அசைந்தது. ஜீப் தாண்டிப் போனதும் எல்லோரும் தாங்களே பஸ்ஸை ஓட்டிய மாதிரி நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

வெள்ளிமலையில் தோழி வீட்டில் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டோம். பிறகு இருவரும் மேட்டில் ஏறி, ஒரு கல்லின்மேல் இரண்டு போனையும் ஒன்றாக வைத்தோம். நான் வண்டியை எடுத்தேன். என் போனில் லாரி உடனே நகர்ந்தது. அவள் போனில் கண் சிமிட்டும் நேரம் கழித்து நகர்ந்தது. பக்கத்திலேயே இருந்தாலும் செய்தி சர்வருக்குப் போய்த்தானே வர வேண்டும். திரும்பத் திரும்பப் பார்த்தோம். அவள்தான் கேட்டாள்.

"என்து லேட்டா போவுது. சரி. உன்து எதுக்கு உடனே போவுது? அதையும் கொஞ்சம் நிக்க சொல்லேன். ரெண்டும் ஒண்ணா போவும் இல்ல?"

"அமுக்கினா வண்டி நகராம நின்னா ஆட்றவங்களுக்குக் கோவம் வராது?"

சொல்லி முடிக்கும்போதே எனக்கு பஸ் உறுமிவிட்டு நின்றது நினைவு வந்தது. என் கணவர் முந்தின வாரம் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனில் குறைப்பட்டுக்கொண்டதும் நினைவு வந்தது. "லோடு வண்டி இப்படி எலி மாதிரி ஓடாதும்மா. வெயிட்டே தெரியல" என்றிருந்தார். லாரிக்கு எடையைக் கூட்டினால் போதும். மிதித்ததும் உறுமட்டும், கொஞ்சம் யோசிக்கட்டும், பிறகு அசையட்டும். அந்த நேரத்துக்குள் மலைமேல் இருக்கும் போனும் செய்தி வாங்கிவிடும். ஓட்டுகிறவருக்கு அது தாமதமாகத் தெரியாது, பாரமாகத் தெரியும். ஒளித்து வை என்று அந்த முகம் தெரியாதவர் எழுதியது அப்போதுதான் விளங்கியது.

கடையில் கரண்ட் இருக்கும்போதே லேப்டாப்பைச் சொருகி மாற்றினேன். அவள் வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போனதும் அதை எடுத்துப்போய் வேறு கொண்டுவந்தார். மாற்றி முடித்து மறுபடி மேட்டில் ஏறினோம். இரண்டு போனிலும் லாரி சேர்ந்தே உறுமியது, சேர்ந்தே நகர்ந்தது. தோழி பொத்தானை அழுத்த, அத்தையின் குரல் "நிப்பாட்டுடா" என்றது. இரண்டும் சேர்ந்தே நின்றன. தோழி என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். சந்தோஷம் வந்தால் அவளுக்கு அடிக்கத்தான் தெரியும், விடுதியிலிருந்தே அப்படித்தான்.

அடுத்த முறை கணவர் கர்நாடகத்தில் ஒரு மண்டி வாசலில் காத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் முதல்முதலாகச் சேர்ந்து ஆடினோம். அவர் ஓட்டினார், நான் பின்னால் நின்றேன். முதல் ஆட்டத்திலேயே லாரி பம்புசெட்டு மேல் ஏறியது. உடனே போன் வந்தது.

"நீ லேட்டா சொல்ற."

"நான் சரியாத்தான் சொன்னேன். நீங்கதான் ஒடிக்கல."

"ஒடிக்க சொன்னா ஒடிப்பேன். நீ வா வான்னுகினே இருந்தா?"

கல்யாணமான பிறகு போனில் நாங்கள் அவ்வளவு நேரம் சண்டை போட்டதே இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான்காவதோ ஐந்தாவதோ ஆட்டத்தில் வண்டி சுவரில் படாமல் வந்து நின்றது. அவர் போன் செய்தபோது பக்கத்தில் ஒரு கூட்டமே கைதட்டுவது கேட்டது. மற்ற டிரைவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பிறகு நான் ஓட்டினேன், அவர் பின்னால் நின்றார். அவர் கையில் இருந்தது அவருடைய அம்மாவின் குரல். நான் ஒன்றும் தப்பாக ஓட்டாதபோதே "எங்க பாத்துகினு ஓட்ற" பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். மாமியார் குரலில் திட்டு வாங்கிக்கொண்டே நான் சிரித்துச் சிரித்து வண்டியைப் பள்ளத்தில் விட்டேன். கடைசி ஆட்டத்தில் அவர் திடீரென்று ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. வண்டி சரியாகப் போய் நின்றது. போனில் கேட்டேன், ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று.

"சரியாதான வந்துகினு இருந்த. அப்ப இன்னாத்துக்கு சொல்லணும்? பின்னாடி நிக்கிறவன் பேசலன்னா நல்லா வர்றோம்னு அர்த்தம்."

வெகுநேரம் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். பேசாமல் போனைக் காதில் வைத்திருந்த அந்த நாள்களை நான் ஒரு குறையாகவே எண்ணியிருந்தேன்.

விளையாட்டை, யாரும் காசில்லாமல் போட்டுக்கொள்ளும் ஓர் இணையத்தளத்தில் போட்டேன். கணவர் அதை டிரைவர்கள் குழு ஒன்றில் அனுப்பினார். அங்கிருந்து அது வேறு குழுக்களுக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காசு கேட்காத அந்தச் சர்வர் தாங்கும் அளவைவிடக் கூடுதலாக ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லோருடைய லாரியும் நடுவழியில் நின்றுபோயிற்று. தளத்தில் எனக்குத் திட்டு மழை. நான் அழுதுகொண்டே அத்தையிடம் காட்டினேன். அவர் படித்துக்காட்டச் சொன்னார். ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"ஆளு ஜாஸ்தி வந்ததுக்கா அழுவுற? கடயில கூட்டம் ஜாஸ்தியா இருந்தா வரிசயில நில்லுன்னுவாங்க. நீயும் சொல்லு" என்றார்.

அதையே செய்தேன். இடம் நிறைந்துவிட்டால், கொஞ்சம் பொறுங்கள், முன்னால் ஒரு வண்டி இறக்கிக்கொண்டிருக்கிறது என்று வரும்படி வைத்தேன். வரிசையில் நின்று பழகிய டிரைவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. திட்டு குறைந்தது.

வந்த செய்திகளில் ஒன்றை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். வளைகுடா நாட்டில் டிரெய்லர் ஓட்டுகிற ஒருவர் எழுதியது. சின்னசேலம் பக்கம் அவருக்கு ஊர். வெள்ளிக்கிழமை லீவில் அவர் ஓட்ட, ஊரில் இருக்கும் மனைவி பின்னால் நிற்கிறாராம். "அந்த அம்மா டா போட்டு திட்றது எங்க அம்மா திட்றா மாதிரியே இருக்கு. எங்க அம்மா இல்ல இப்ப. அந்தக் குரல மட்டும் மாத்திடாதீங்க" என்று எழுதியிருந்தார். அத்தையிடம் படித்தேன். அவர் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"வெளிநாட்ல இருக்குற புள்ளைங்களயெல்லாம் திட்டிகினு இருக்கனா நானு?" என்றார். பிறகு, "சாப்ட்டியான்னு கேக்குற மாதிரி ஒரு பட்டன் வைக்க முடியுமா பாரு" என்றார்.

வைத்தேன். இந்தத் தடவை நாற்காலியும் தட்டும் தேவைப்படவில்லை. வண்டியைச் சரியாக நிறுத்திவிட்டால் பின்னால் நிற்கிறவர் அதை அழுத்தலாம். விளையாட்டுக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. ஆனால் எல்லோரும் அதிகமாக அழுத்துவது அதைத்தான்.

இதனால் நாங்கள் பணக்காரர் ஆகிவிடவில்லை. இந்த விளையாட்டைப் பார்த்துவிட்டு பாண்டிச்சேரியில் ஒருவர் பிள்ளைகளுக்கான சின்னச் சின்ன விளையாட்டுகள் செய்து தரச் சொல்லிக் கேட்டார். வீட்டிலிருந்தபடி அதைச் செய்கிறேன். அதில் வந்ததைக் கொண்டு வேறு லேப்டாப் வாங்கினேன். பழையதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஜெராக்ஸ் கடை முதலாளி வாங்க மறுத்துவிட்டார். அது இப்போது வெள்ளிமலையில் தோழியின் கடையில் இருக்கிறது. அவளும் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். மலைப்பாதையை விளையாட்டில் வரைந்தவள் அவள்தான். எந்த வளைவில் எந்தப் பாறை என்று அவளுக்குத்தான் தெரியும்.

வரைந்து முடித்த பிறகு அவளுக்கு ஒரு குறை. "எங்க ஊர்ல எப்ப பாத்தாலும் வெயிலாவே இருக்குதேடி. மழையே பேயாதா?" என்று கேட்டாள். மழை பெய்யவைத்தால் விலை குறைந்த போன்கள் திணறும் என்றேன். அவள் விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து துளிகளைக் குறைத்து, தூரத்து மரங்களைக் குறைத்து, ஒரு மாதிரியாகக் கொண்டுவந்தோம். சென்ற வாரம் அவளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். மேட்டில் ஏறி நின்று போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"பேயுதுடி. நல்லாவே பேயுது."

"போன் நிக்கலியே?"

"இல்ல, ஓடுது. ஆனா ரோடு நனைஞ்சும் வண்டி வழுக்கவே இல்ல. மழையில நம்ப ரோட்ல எவன்டி இவ்ளோ தைரியமா வருவான்? அத பாரு மொதல்ல."

பார்க்கிறேன் என்றேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.